மூணாவது லெவல்ல நெருப்பு

ஜீவனஹள்ளி, பெங்களூரு.
திங்கட்கிழமை, சாயங்காலம்.

பெருமதிப்பிற்குரிய மாமா தியோடர் அவர்களுக்கு, மருமகன் க்ளென் பணிவுடன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவில் இங்கே நான் சுகம். அங்கே தங்கள் முழங்கால் வலி சனிக்கிழமை இருந்ததைவிடக் குறைந்திருக்கும் என்றும், அத்தை ஆஞ்சலா அவர்களின் சர்க்கரை ஏறாமல் இருக்கும் என்றும் நம்புகிறேன். அத்தைக்குத் தனியாக ஒரு வணக்கம். கடிதத்தைப் படித்துக் காட்டும்போது அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி அவர்கள் முகத்தைப் பார்க்கவும்.

போனை எடுத்துப் பேசாமல் இவன் எதற்குக் காகிதத்தை எடுத்தான் என்று தாங்கள் யோசிக்கலாம். போனில் பேசினால் என்ன ஆகும் என்பதைச் சனிக்கிழமை நாம் இருவரும் பார்த்தோம். நாம் மட்டுமா, தெருவே பார்த்தது. ஆகவே முக்கியமான சங்கதிகளை இனி எழுத்தில் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்திருக்கிறேன். வாஷிங் மெஷினுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டுகளைச் சோதிப்பது என் வேலை என்பது தங்களுக்குத் தெரியும். அங்கேயும் வாயால் சொன்னது செல்லாது, எழுதியதுதான் செல்லும். தமிழில் நான் கடைசியாக ஒரு முழுப் பக்கம் எழுதியது பத்தாம் வகுப்புப் பரீட்சையில். தந்தைக்குக் கடிதம் எழுது என்ற கேள்விக்குப் பத்துக்கு ஆறு கொடுத்தார்கள். போகப் போகப் பேச்சுத் தமிழ் வந்துவிடுகிறது என்று நாலு கழித்தார்கள். இங்கேயும் வரும். தாங்கள் கழிக்க மாட்டீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

முதலில், சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு நீங்கள் வழக்கம்போல் போன் செய்தபோது நடந்த பேச்சை ஒரு வார்த்தைகூட மாற்றாமல் எழுதுகிறேன். என் பக்கம் தப்பு இருந்தால் இதில்தான் இருக்க வேண்டும்.

"மாப்ள, எப்படி இருக்கீங்க?"

"மூணாவது லெவல்ல இருக்கேன் மாமா."

"என்னது?"

"மூணாவது லெவல். சுத்தி நெருப்பு. வெளிய வர வழி தெரியல."

"மாப்ள, யாரெல்லாம் இருக்கீங்க அங்க?"

"ஒரு உயிர்தான் மிச்சம் மாமா. அப்புறம் பேசறேன்."

இவ்வளவுதான். வைத்துவிட்டேன். நான் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை, ஒன்றுகூடப் பொய் இல்லை. ஆனால் முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ரிட்டையர் ஆன ஒருவரிடம் லெவல் என்று சொன்னால் அவருக்கு அது மாடி என்பதும், நான் குடியிருப்பதும் மூணாவது மாடி என்பதும், லிஃப்ட் இல்லாத வீட்டில் பெண்ணைக் கொடுத்துவிட்டேனே என்று நாலு வருஷமாக அவர் வருத்தப்பட்டுக்கொண்டிருக்கிறார் என்பதும் எனக்கு அந்த நிமிஷம் தோன்றவில்லை. நான் அதை ரொம்ப அமைதியாகச் சொன்னதால்தான் உங்களுக்கு உடம்பெல்லாம் ஆடிவிட்டது என்று அத்தை பிறகு சொன்னார்கள். மாமா, எட்டு மாதமாக எனக்கு எல்லாமே அந்தக் குரலில்தான் வருகிறது. ஆபீசில் ஒருவருக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னேன், அவர் என் தோளைத் தட்டி ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அது ஒரு கேம். கைக்குள் அடங்குகிற சின்ன மெஷின், எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடையில் வாங்கியது. உள்ளே நானூறு கேம் என்று அட்டையில் போட்டிருக்கும். எண்ணிப் பார்த்தால் அறுபதுதான், மற்றதெல்லாம் அதே கேம் வேறு பெயரில். உங்க பொண்ணு கேரலுக்கு அதில் ஒன்றே ஒன்றுதான் பிடிக்கும். ஒரு குட்டி விண்கப்பல் இடது பக்கத்திலிருந்து வலது பக்கம் போய்க்கொண்டே இருக்கும். திரும்பி வர முடியாது. எதிரே வருவதைச் சுட வேண்டும், சுட முடியாததிலிருந்து ஒதுங்க வேண்டும். மொத்தம் மூணு உயிர் கொடுப்பார்கள். முதல் லெவல் வெறும் நட்சத்திரம், இரண்டாவது பாறை, மூணாவது நெருப்பு. கீழே ஒரு நெருப்புக் கடல் கொதிக்கும், அதிலிருந்து தீ நாக்குகள் வளைந்து வளைந்து எழும்பும், மேலேயிருந்து கொள்ளிமழை, நடுவில் லாரிச் சக்கரம் மாதிரி ஒரு தீ வட்டம் உருண்டு வரும், எல்லாம் தாண்டினால் கடைசியில் வலது பக்கம் உச்சியில் ஒரு வாசல் திறந்து திறந்து மூடும். அதற்குள் நுழைய வேண்டும். கேரல் ஒரு வருஷமாக நுழையப் பார்த்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, நோட்டுத் திருத்திவிட்டு, ஒரு ஆட்டம். ஜெயிக்க வேண்டும் என்றெல்லாம் இல்லை. "அந்தப் பக்கம் என்னதான் இருக்குன்னு பார்க்கணும்" என்பாள். நெட்டில் தேடினால் ரெண்டு நிமிஷத்தில் தெரிந்துவிடும் என்று நான் சொன்னேன். "கல்யாணத்துக்கு முன்னாடி உன்னையும் நெட்லயே பார்த்திருக்கலாம், மெனக்கெட்டு நேர்ல வந்துதானே பார்த்தேன்" என்றாள்.

எட்டு மாதத்துக்கு முந்திய அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சாப்பாட்டுக்கு முன்னால் சோபாவில் படுத்து ஆடிக்கொண்டிருந்தாள். தலை வலிக்கிறது என்று எழுந்தாள். நிறுத்துகிற பட்டனை அழுத்தி, மெஷினைச் சார்ஜர் வயரோடு தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, "ஆஃப் பண்ணிடாத க்ளென், இது சேவ் ஆகாது, வந்து முடிக்கிறேன்" என்றாள். அதற்கப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் நானும் அத்தையும் இருந்தோம், நீங்கள் துணி எடுக்கவும் வீட்டைப் பார்த்துக்கொள்ளவும் இங்கேயும் அங்கேயுமாக நடந்துகொண்டிருந்தீர்கள். புதன்கிழமை கேரல் போய்விட்டாள். எல்லாம் முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு நான் அந்தத் தலையணையைத் தூக்கினேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கப்பல் இடது பக்கம் கீழ் மூலையில், நெருப்புக் கடலுக்கு மயிரிழை மேலே, அசையாமல் நின்றது. மேலே ஓரத்தில் ஒரே ஒரு குட்டிக் கப்பல் படம். அதாவது ஒரு உயிர் மிச்சம்.

மாமா, அந்த மூலையில் ஏன் நிறுத்தினாள்? எட்டு மாதமாக என் கேள்வி இதுதான். மற்றக் கேள்விகளையெல்லாம் ஜனங்கள் கேட்டார்கள். சாப்பிட்டியா, தூங்கினியா, இந்த வீட்டைக் காலி பண்ணேன், மேலே என்ன யோசனை. எனக்கு எதற்கும் பதில் வரவில்லை, வராததைப் பற்றி வருத்தமும் வரவில்லை. இந்த ஒரு கேள்விக்கு மட்டும் காலையில் கண் விழித்ததும் பதில் தெரிய வேண்டும்போல இருந்தது. யாராக இருந்தாலும் அந்த இடத்துக்குப் போக மாட்டார்கள். நெருப்பு அங்கேதான் பக்கம். அவசரத்தில் அங்கே மாட்டிக்கொண்டாளா, தெரிந்துதான் போனாளா?

ஆகவே முறைப்படி இறங்கினேன். அதே கடையில் அதே மெஷின் இன்னொன்று வாங்கினேன், பயிற்சிக்கு. கேரலுடையதைத் தொடவில்லை. கரண்ட் போனாலும் அணையாமல் இருக்க இன்வெர்ட்டர் வைத்தேன். பயிற்சி மெஷினில் மூணாவது லெவலை ஸ்லோ மோஷனில் படம் எடுத்து, எந்தத் தீ நாக்கு எத்தனையாவது செகண்டில் எழும்புகிறது என்று ஒரு நோட்டில் குறித்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு தடவை செத்தேன், ஒரு தடவைகூட அந்த வாசலுக்குள் நுழையவில்லை. ஒவ்வொரு சாவுக்கும் நேரம், இடம், காரணம் எழுதியிருக்கிறேன். காரணத்தில் பாதிக்குமேல் 'அவசரம்' என்று இருக்கிறது. கேரல் பார்த்தால் நம்ப மாட்டாள், ஒரு ஆட்டோ பிடிக்கச் சொன்னால் நான் மூணு ஆட்டோவை விசாரிக்கிற ஆள். கீழ் வீட்டு ஓனர் சந்திரம்மாவுக்குத்தான் இதில் கஷ்டம். தினம் சாயங்காலம் மாடியிலிருந்து "செத்தேன்", கொஞ்ச நேரம் கழித்து "மறுபடியும் செத்தேன்" என்று என் குரல் படிக்கட்டு வழியாக இறங்கியிருக்கிறது.  முதல் தடவை கேட்ட மறுநாள் முதல் அந்தம்மா கதவுக்கு வெளியே ஒரு டப்பாவில் ராகி முத்தேயும் கீரைச் சாறும் வைக்க ஆரம்பித்தார்கள். அது களிதான், ஆனால் களி என்று சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள்.

இருநூற்றுப் பன்னிரண்டு சோதனையில் ஒரு தடவைகூட நான் அந்தக் கீழ் மூலைக்குப் போய்ப் பார்க்கவில்லை என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும். ஆபீசில் ஒரு மூலையைச் சோதிக்காமல் விட்டால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். நோட்டில் அந்த வரி மட்டும் காலி. அது அவளுடைய இடம், அங்கே போய் நான் செத்துப் பார்க்க வேண்டாம் என்று இருந்துவிட்டேன் போலிருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை கேரலுடைய மெஷினின் பின்பக்க மூடி தூக்கிக்கொண்டு நின்றது. எட்டு மாதம் விடாமல் சார்ஜில் கிடந்து பேட்டரி உப்பிவிட்டது. உப்பின பேட்டரி என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும், அதைப் பற்றி நானே ஆபீசில் பாடம் எடுத்திருக்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி மாற்றவும் எனக்குத் தெரியும். ஒரு வயர் நழுவினால் அணைந்துவிடும் என்பதும் தெரியும். சூடு இறங்கட்டும் என்று மெஷினை எடுத்து ஒரு இட்லித் தட்டைக் கவிழ்த்து அதன்மேல் வைத்தேன், அதில்தான் ஓட்டை இருக்கிறது. சனிக்கிழமை காலை முடிவுக்கு வந்தேன். தானாக அணைவதற்கு முன்னால் அவள் விட்ட இடத்திலிருந்து ஆடி முடித்துவிடுவது. ஒரு உயிர்தான். போனால் போனதுதான், மறுபடி கிடையாது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு பட்டன்மேல் விரலை வைத்தேன். அப்போதுதான் நீங்கள் போன் செய்தீர்கள். பேசி வைத்துவிட்டு மறுபடி விரலை வைத்தேன். அழுத்தவில்லை. எனக்கு நாலு நிமிஷம் மாதிரிதான் இருந்தது. நாற்பது நிமிஷம் ஆகியிருக்கிறது.

அந்த நாற்பது நிமிஷத்தில் நீங்கள் ஆனேக்கல்லில் இருந்தபடி ஒரு ஊரையே எழுப்பிவிட்டீர்கள். ஃபயர் சர்வீசுக்குப் போன் போட்டு, மூணாவது லெவல், நெருப்பு, மருமகன் என்று சொன்னதும், உள்ளே மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டார்களாம். நீங்கள், "ரெண்டு பேர் இருந்தாங்க, ஒருத்தர் போயாச்சு" என்றீர்களாம். அதுவும் உண்மைதானே மாமா, அதில் யாரைத் தப்புச் சொல்வது. அவர்கள் ஒரு சாவு நடந்துவிட்டது என்று எழுதிக்கொண்டு புறப்பட்டார்கள். நம்ம தெரு முனையில் தண்ணி டாங்கர் நின்றதால் வண்டி உள்ளே வர முடியவில்லை, நாலு பேர் ஹோஸ் பைப்பைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்கள். வாசலில் சந்திரம்மா கறிவேப்பிலை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். உங்க வீட்டு மாடியில் நெருப்பு என்று கேட்டதும், யாருக்கும் காத்திராமல் தன் கேஸ் சிலிண்டரைத் தானே கழற்றி உருட்டிக்கொண்டு வந்து, பத்திரமாக இருக்கட்டும் என்று நடுப் படிக்கட்டில் நிறுத்திவிட்டார்கள். அதைத் தாண்டுவதற்குள் ரெண்டாவது மாடிக்காரர் தலையில் ஷாம்பூவோடும் இடுப்பில் துண்டோடும் இறங்கி வந்து, ஹோஸில் கால் மாட்டி, சிலிண்டரைக் கட்டிப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். இதெல்லாம் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கதவைத் தட்டியதும் கேட்கவில்லை, தாழ்ப்பாள் உடைந்ததும் கேட்கவில்லை. மெஷினின் திரைக் கண்ணாடியில், நெருப்புக் கடலுக்கு மேலே, வரிசையாக நாலு மஞ்சள் ஹெல்மெட் தெரிந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு ஆட்டத்தில் இது வந்ததில்லையே என்று நினைத்தேன்.

ஹெட்போனைக் கழற்றித் திரும்பினால், அவர்களில் பெரிய ஆபீசர், ரவிக்குமார் என்று சட்டையில் பெயர், மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறார். "பெங்கி எல்லி சார்?" என்றார். நெருப்பு எங்கே என்று கேட்டார். நான் திரையைக் காட்டினேன். அவர் கேட்டதற்கு அதுதானே பதில்.

அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இட்லித் தட்டைப் பார்த்தார். பின்னால் ஹோஸ் பிடித்திருந்தவர் குழாயை எங்கே நீட்டுவது என்று தெரியாமல் ஃபேனுக்கு நேராகப் பிடித்திருந்தார். ரவிக்குமார் சார் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கையுறையைக் கழற்றி மெஷினின் முதுகில் புறங்கையை வைத்து, சட்டென்று எடுத்தார்.

"இது உப்பிருக்கு சார். சார்ஜ்ல வேற கிடக்கு. நாங்க சும்னே ஒண்ணும் வரல, சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கோம். ஆஃப் பண்ணுங்க."

"முடியாது சார்."

"ஏன் முடியாது?"

"சேவ் ஆகாது."

அவருக்குப் புரியவில்லை. சுவரில் கேரல் போட்டோவையும் அதன் கீழே எரிகிற குட்டி பல்பையும் காட்டி, அவள் பாதியில் விட்டது என்று சொன்னேன். எட்டு மாதத்தில் நான் ஒருவரிடம் சொன்னதிலேயே அது பெரிய பேச்சு. அவர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். எத்தனை நிமிஷம் ஆகும் என்று கேட்டார். வாசல் வரைக்கும் நாலு நிமிஷம் பத்து செகண்ட், நோட்டில் இருக்கிறது என்றேன். வயரைப் பிடுங்கச் சொன்னார், ஒரு பக்கெட் மணலைக் கொண்டுவந்து என் முழங்காலுக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். "நாலு நிமிஷம். புகை வந்தா நானே புடுங்கி மணல்ல போட்ருவேன், அப்ப கேக்காதீங்க" என்றார்.

அழுத்தினேன் மாமா. எட்டு மாதமாக நின்ற நெருப்பு அசைந்தது. பழக்கதோஷத்தில் உடனே கப்பலை மேலே தூக்கப் போனேன், இருநூற்றுப் பன்னிரண்டு தடவை அதைத்தான் செய்திருக்கிறேன். காதுக்குப் பக்கத்தில் ரவிக்குமார் சார் குரல் வந்தது.

"நகராதீங்க. சூடும் புகையும் மேலதான் சார் போகும். உள்ள மாட்டினா தரையோட தரையா ஒட்டிக்கணும், எங்களுக்கு முதல் நாள் பாடமே அதுதான்."

நகரவில்லை. தீ நாக்கு ஒன்று கப்பலுக்கு விரற்கடை முன்னால் எழும்பி, தலைக்கு மேலே வளைந்து, பின்னால் போய் விழுந்தது. அடுத்ததும் அப்படியே. கொள்ளிமழை அந்த மூலை வரைக்கும் வரவே இல்லை. தீச் சக்கரம் உருண்டு வந்தது, பின்னால் ஹோஸ்காரர் "லெஃப்ட், லெஃப்ட்" என்று கத்த, சும்மா இருப்பா என்று அவரை அடக்கினார்கள், சக்கரம் எங்கள் மேலே ஏறித் தாண்டிப் போய்விட்டது. படிக்கட்டிலிருந்து சந்திரம்மாவும் வந்து நின்று, எல்லார் முகத்தையும் பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல் சுவரில் இருந்த சிலுவைக்கு ஒரு நமஸ்காரம் போட்டு வைத்தார்கள்.

"உங்க வீட்டம்மா ட்ரெய்னிங் எடுத்தவங்களா சார்?" என்று கேட்டார் ரவிக்குமார் சார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இல்ல சார். ஸ்கூல் டீச்சர்."

"அப்ப பிறவிப் புத்தி. விஷயம் தெரிஞ்சவங்கதான் அங்க நிறுத்துவாங்க."

அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்க நினைத்தேன். ஆட்டம் நடந்துகொண்டிருந்ததால் நேரமில்லை. கடைசி வாசல் வந்தது. திறக்கிறது, மூடுகிறது. கீழ் மூலையிலிருந்து உச்சிக்குப் போக வேண்டும், நடுவில் முழுக்க நெருப்பு. ஒரு தடவை திறந்து மூடியது, போகவில்லை. ரெண்டாவது தடவை. "இப்ப" என்றார் அவர். ஏறினேன். கப்பலின் வால் பக்கம் சிவப்பாகி, வாசல் மூடி, திரை முழுக்க வெள்ளையாகப் போனது.

அந்தப் பக்கம் என்ன இருந்தது என்று எழுதுகிறேன், இதற்காகத்தான் அவள் ஒரு வருஷம் ஆடினாள். அந்தப் பக்கம் முதல் லெவல் இருந்தது மாமா. அதே நட்சத்திரம், அதே எதிரி, அதே பாட்டு. நாலாவது லெவல் என்று தலைப்பு மட்டும் போட்டு முதல் லெவலையே திரும்ப ஓட விட்டிருக்கிறார்கள்.  "இவ்ளோதானா சார்?" என்று கேட்டார் ஹோஸ்காரர். இவ்வளவுதான் என்றேன். அவருக்கு மனசு கேட்கவில்லை, குனிந்து உற்றுப் பார்த்து, "முதல்ல நட்சத்திரம் என்ன கலர்?" என்றார். வெள்ளை. "இப்ப நீலம் பாருங்க" என்றார். ஆமாம், நீலம். கேரல் இருந்தால் ரெண்டு நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பாள், மூணாம் நாள் ஏன் நீலம் என்று ஆரம்பித்திருப்பாள். நானே ஆஃப் பண்ணினேன். பேட்டரி மணலுக்குள் போனது. அவர்கள் ரிப்போர்ட்டில் ரெண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

ரெண்டு மணி நேரம் கழித்து நீங்களும் அத்தையும் வந்தீர்கள். நாலு பஸ் மாறி, பழைய வொர்க்ஷாப் தீயணைப்பு சிலிண்டரை மடியில் வைத்துக்கொண்டு, கண்டக்டர் அதற்குத் தனி டிக்கெட் கேட்க அவரோடு சண்டை போட்டு, மூணு மாடி அதைத் தூக்கி ஏறி வந்தீர்கள். அதன்மேல் 2011 வரைதான் தேதி போட்டிருக்கிறது என்பதை அன்றைக்கே சொல்ல வேண்டாம் என்று விட்டேன். என்னை முழுசாகப் பார்த்ததும் திட்டுவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் மணல் பக்கெட்டைப் பார்த்தீர்கள், இட்லித் தட்டைப் பார்த்தீர்கள். "அந்த ப்ளேன் கீழ மூலையிலயே நின்னுச்சா மாப்ள?" என்று கேட்டீர்கள். ஆமாம் என்றேன். "ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சா?" என்றீர்கள். ஒன்றுதான் என்றேன். அப்புறம் ஸ்க்ரூ டிரைவர் கேட்டு வாங்கி, உடைந்த தாழ்ப்பாளைச் சரி பண்ண உட்கார்ந்தவர், பஸ்ஸுக்கு நேரமாகும் வரைக்கும் அதையே கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தீர்கள். துக்க நாட்களில் நீங்களும் அந்தத் திரையைப் பார்த்திருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆக, இந்தக் கடிதம் எதற்கென்றால், மன்னிப்புக் கேட்க ஒன்று. இன்னொன்று, உங்க பொண்ணைப் பற்றி உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவள் மாட்டிக்கொண்டு அங்கே நிற்கவில்லை. தெரிந்துதான் நின்றாள். நான் இருநூற்றுப் பன்னிரண்டு தடவையில் கண்டுபிடிக்காத இடத்தை, தலை வலிக்கிறபோதுகூடக் கண்டுபிடித்து, கப்பலை அங்கே கொண்டுபோய்ப் பத்திரமாக வைத்துவிட்டு எழுந்திருக்கிறாள். ஒரு ஃபயர் ஆபீசர் வாயால் கேட்டது, என் கற்பனை இல்லை. அந்த மூலையைப் பற்றி அவள் எப்போதாவது உங்களிடம் பேசியிருக்கிறாளா என்று மட்டும் தெரிவிக்கவும். மற்றபடி அந்தச் சங்கதி முடிந்தது. மெஷினை மின்கழிவு வாங்குகிற இடத்தில் கொடுத்துவிட்டேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. வருகிற ஞாயிறு என்னைப் பார்க்க வருவதாக அத்தை சொன்னார்கள். மூணு மாடி, தங்கள் முழங்கால், தயவுசெய்து வர வேண்டாம். சந்திரம்மாவும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள், கேஸ் சிலிண்டருக்கு ஒன்றும் ஆகவில்லை.

தங்கள் இருவரையும் மாதா தன் கைக்குள் வைத்துக் காக்க வேண்டும், முழங்காலைக் கொஞ்சம் தனியாகக் கவனிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் மருமகன்,
க்ளென்.

பி.கு.: கவர்மேல அட்ரஸ் எழுதறப்போ உங்க பின்கோடு தெரியல. அத்தைக்குப் போன் பண்ணேன். என்ன கடிதம்னு கேட்டாங்க, அந்த மூலை விஷயத்தை மட்டும் படிச்சுக் காட்டினேன். அந்த இடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாங்க. அப்புறம், "க்ளென், அவர் சொல்லவே கூடாதுன்னுட்டாரு, ஆனா நீ இப்படி எழுதி வெச்சிருக்கியேப்பா"ன்னு எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. அத்தையை ஒண்ணும் சொல்லாதீங்க மாமா.

நாங்க ஆஸ்பத்திரியில இருந்தப்போ, துணி எடுக்க வந்த நீங்க தலையணையை நகர்த்தியிருக்கீங்க. பொண்ணு பாதியில விட்டிருக்கா, வீட்டுக்கு வர்றதுக்குள்ள ஜெயிச்சு வெச்சிடலாம்னு கையில எடுத்திருக்கீங்க. அப்ப மேல மூணு கப்பல் இருந்துச்சாம். முதல் ஒண்ணு எடுத்த எடுப்புல போச்சு, ரெண்டாவது அதை விட சீக்கிரம் போச்சு. பயந்துபோய் மூணாவதைக் கீழ ஒரு மூலையில தள்ளி, கைக்குக் கிடைச்ச பட்டனை அழுத்தியிருக்கீங்க, நின்னுடுச்சு. ஆக, பிறவிப் புத்தி உங்களுடையது. மறு வாரம் கோயில்ல பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், "ஃபாதர், என்னால ரெண்டு உயிர் போயிடுச்சு"ன்னு சொன்னீங்களாமே. ஃபாதர் ரொம்ப நேரம் பேசவே இல்லைன்னு அத்தை சொன்னப்போ எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. நின்னா பரவாயில்ல, நிக்கல. கீழேருந்து சந்திரம்மா ஓடி வந்து கதவைத் தட்டினாங்க, தம்பி ஒரு வழியா அழுதிடுச்சுன்னு நெனச்சாங்களாம். இல்லம்மா சிரிக்கிறேன்னு சொன்னா நம்பல. அவங்க சொன்னதுலயும் பாதி சரிதான். யாருக்கும் போன் பண்ணிடாதீங்கன்னு சொல்லி அனுப்பினேன்.

இவ்ளோ எழுதினதைக் கிழிக்க மனசில்ல, அப்படியே அனுப்பறேன். மேல 'வர வேண்டாம்'னு எழுதின இடத்தை மட்டும் நீங்களே அடிச்சிடுங்க. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு நேரா வாங்க. முழங்கால் வலிச்சா ஒவ்வொரு லெவல்லயும் நாற்காலி போட்டு வைக்கிறேன். பயிற்சி மெஷின் இருக்கு, பேட்டரி நல்லா இருக்கு, மூணு உயிர் முழுசா இருக்கு. மூணாவது லெவல் வரைக்கும் நான் ஓட்டிக் குடுக்கறேன். ஏன்னா மாமா, கேரல் அந்தக் கப்பலை எங்க நிறுத்திட்டு எழுந்தான்னு எனக்கு இன்னும் தெரியல. பார்த்தது நீங்க ஒருத்தர்தான். நோட்டுல அந்த வரியைக் காலியாவே வெச்சிருக்கேன். வந்து, எந்த இடம்னு திரையில விரலை வெச்சுக் காட்டுங்க.